இஞ்சினுக்கு எதற்கு மெத்தை?

இயந்திரங்களை நம்பலாம், இயந்திரங்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களைத்தான் நம்பக் கூடாது. எங்கள் உறவில் எந்த வீட்டு விசேஷமானாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் யாராவது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம வேலுச்சாமி ஜீப்பு ரிப்பேர் பண்ணுன கதை தெரியுமுங்களா?" என்று ஆரம்பிப்பார். தெரியாதவர் யாரும் அந்தப் பந்தலில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே குரலில், "தெரியாதுங்களே, சொல்லுங்க" என்பார்கள். (அதில் உரத்த குரல் என் மனைவியுடையது.)

அந்தக் கதையில் பாதி பொய். மீதிப் பாதி நடந்ததுதான், ஆனால் சொல்கிற விதம் சரியில்லை. அதனால் அந்த வேலுச்சாமியாகிய நானே எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஊர் வடகரப்பதி, கேரள எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊர். அப்பா காலமாகி, தோட்டம், கிணறு, மாடுகள், ஒரு பழைய ஜீப் எல்லாம் என் தலையில் வந்து உட்கார்ந்திருந்தன. ஜீப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது. அப்பா ஏலத்தில் எடுத்தார். அது எந்தச் சண்டைக்குப் போயிருந்ததோ தெரியாது, எங்களிடம் வந்த பிறகு நிலக்கடலை மூட்டைதான் சுமந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன் பெரிய மனிதன். பெரிய மனிதனாக இருப்பதில் எனக்கு அபார விருப்பம் இருந்தது. அதற்கு வேண்டிய மற்ற தகுதிகள் எதுவும் இல்லாததால் ஜீப்பைத்தான் முழுக்க நம்பியிருந்தேன்.

என் ஒரே அக்கா சரசுவைப் பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு முதல் குழந்தை, பெண். குலதெய்வக் கோயிலில் காது குத்து என்று நாள் குறித்துவிட்டார்கள். எங்களில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் சீரோடு வர வேண்டும், நல்ல நேரம் முடிவதற்குள் வர வேண்டும். மாமன் வராவிட்டால் முறைக்கு மாமனாகிற வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த 'வேறு யாராவது' தயாராக இருந்தார். என் பெரியப்பா மகன் துரைசாமி அண்ணன். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஆபீசர். டெரிலின் சட்டை, சொந்தக் கார், மணக்கிற கைக்குட்டை. அக்காவின் மாமியாருக்கு அவர் என்றால் உயிர். "அப்பன் இல்லாத ஊடு. அந்தப் பையன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நமக்குத்தான் துரைசாமி இருக்கறாப்லல்ல?" என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: "தம்பி, எப்படியாச்சும் நேரத்துக்கு வந்துரு சாமி. இன்னொருத்தரு மடியில குத்திப்போட்டாங்கன்னா, எனக்குப் பொறந்த ஊடே இல்லைன்னு இவிய முடிவு கட்டீருவாங்க."

"ஜீப்பிலேயே வர்றேன்னு சொல்லுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி அனுப்பி வைத்தேன். அதற்கு மறுநாள்தான் கடலை மூட்டைகளோடு வாய்க்கால் மேட்டை ஏறி இறங்கும்போது ஜீப்பின் வயிற்றுக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

மூடியைத் திறந்து பார்த்தேன். இஞ்சினின் முன்பக்கம் இரண்டு தோளையும் ஆளுக்கொரு போல்ட் சேஸிஸோடு பிடித்துக்கொண்டிருக்கும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இடது பக்கத்துப் போல்ட் இரண்டாக முறிந்துவிட்டது. வலது பக்கத்துப் போல்ட் முறியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ரப்பர் இரண்டும் எண்ணெய் குடித்து, ஊறிப்போன பழைய தோசை மாதிரி கையோடு பிய்ந்து வந்தன.

கொழிஞ்சாம்பாறையில் வர்க்கீஸ் என்று ஒரு மெக்கானிக். பெரிய வாய்க்காரர். அவர் வந்து பார்த்துவிட்டு, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, "ரப்பர் தீர்ந்து போயி. அதான் போல்ட்டு பொட்டியது. புதிய ரப்பர் கோயம்புத்தூருக்குச் சொல்லி வரணும், ஒரு ஆழ்ச்ச ஆகும். அதுவரெ வண்டி எடுக்கண்டா, கேட்டோ" என்றார். ஒரு வாரம் வண்டியை எடுக்கவே கூடாதாம்! காது குத்தோ நாளை மறுநாள்.

"பஸ்ஸுல போயிரலாம் கண்ணு. நல்ல பஸ்ஸு இருக்குது" என்றாள் அம்மா. சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் துரைசாமி அண்ணன் காரில் வந்து இறங்க, நான் சீர்த் தட்டுகளை பஸ் கூரையில் கோழிக்கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோவதா? நடக்காது என்று சொல்லிவிட்டுக் கிணற்று மேட்டுக்குப் போனேன்.

அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. கிணற்று மேட்டில் எங்கள் ஆயில் இஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. சிமெண்டுத் திண்டின் மேல் வைத்து, தடித்தடியான போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட இஞ்சின். கீழே ரப்பர் இருக்கிறதா? இல்லை. போல்ட் எப்போதாவது முறிந்ததா? இல்லை. அப்புறம் ஜீப்புக்கு மட்டும் என்ன கேடு? பட்டாளத்துக்காரர்கள் சுகவாசிகள், இஞ்சினுக்கும் மெத்தை போட்டுப் பழக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். (எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆயில் இஞ்சின் வைத்திருந்த எவனும் அன்றைக்கு இதே முடிவுக்குத்தான் வந்திருப்பான்.)

வேலையில் இறங்கினேன். பம்பு செட் வருவதற்கு முன்பு மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்து வடக்கயிறும் கப்பியும் வீட்டில் சும்மா கிடந்தன. வேப்பமரக் கிளையில் கப்பியைக் கட்டி இஞ்சினைச் சற்றே தூக்கி நிறுத்தினேன். முறிந்த போல்ட்டின் துண்டு ஓட்டைக்குள் புது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். உளியை வைத்து விளிம்பில் தட்டித் தட்டித் திருப்பினேன். துண்டின் மேல் விழுந்த அடிகளை விட என் கட்டைவிரல் மேல் விழுந்தவை அதிகம். சாயங்காலம் அது வெளியே வந்து விழுந்தபோது, பிள்ளை பிறந்த வீடு மாதிரி நான் கத்திய கத்தலில் மாடுகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன. அந்த வேலையை நான் சுத்தமாகச் செய்தேன். அதைப் பந்தியில் யாரும் சொல்வதில்லை.

ரப்பர் இருந்த இடத்தில் பழைய கலப்பைக் கொழுவை வெட்டித் தகடாக்கி வைத்தேன். ஆயில் இஞ்சின் போட்டபோது மிச்சமான போல்ட்டுகளை ரம்பத்தால் அறுத்து அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, குழாயின் நுனியில் தொங்கி இறுக்கினேன். போல்ட் 'கிர்ர்' என்று முனகியது. வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறது. இறுகிவிட்டேன் என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

காது குத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் நானும் அம்மாவும். குழந்தைக்கான தங்கத் தோடு அம்மாவின் முந்தானை முடிச்சில். பின்னால் பழம், தேங்காய், முறுக்கு டின், குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, ஒரு பெரிய தூக்குப்போசி நிறையத் தயிர், இவற்றுக்கு நடுவில் பெரியம்மா. இவர்தான் துரைசாமி அண்ணனைப் பெற்றவர். மகன் கோயம்புத்தூரிலிருந்து நேரே கோயிலுக்குப் போவதால் இவர் எங்களோடு வந்தார்.

இஞ்சினை உயிர்ப்பித்தேன். உயிர் வந்தது இஞ்சினுக்கு மட்டுமல்ல. கதவு, கண்ணாடி, சீட்டு, தட்டு, தேங்காய், தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்து ஆடத் தொடங்கின. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் ஒரு பெரியம்மாவுக்கு நாலு பெரியம்மா தெரிந்தார்கள். நாலு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

"சா-சா-சாமி, வண்டி எ-எதுக்கு இப்படி நடுங்குது? கு-குளுரு காச்சலா?" என்றாள் அம்மா.

"புது போல்ட்டும்மா. ஓட ஓடப் பழகிரும்."

"என்ற து-துரைசாமி கா-கார்ல உக்காந்தா தொ-தொட்டில்ல போட்டாப்புல இருக்கும்" என்றார் பெரியம்மா. பல் கிட்டிக்கொண்ட போதும் அவருக்கு அந்த வாக்கியம் முழுசாக வந்தது.

கொழிஞ்சாம்பாறை தாண்டும்போது ஒன்று கண்டுபிடித்தேன். மெதுவாகப் போனால் ஆட்டம் உயிரை வாங்கியது. வேகமாகப் போனால் கொஞ்சம் அடங்கியது. ஆகவே வேகமாகப் போனேன். கடைவீதியில் நின்ற வர்க்கீஸ் இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன். கையைத் தூக்கிய நேரத்தில் ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்கு ஒரு வாழைப்பழக் கடைப் பக்கம் திரும்பியது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், கடைக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

கோபாலபுரம் செக்போஸ்டில் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் விட்டேன். (அணைத்தால் மறுபடி கிளம்புமா என்று எனக்கே சந்தேகம்.) அதிகாரி மேஜை மேல் வைத்திருந்த சாயா கிளாஸ் தானாகவே நகர்ந்து, விளிம்புவரை போய், கொஞ்சம் யோசித்து, கீழே விழுந்து உடைந்தது.

"எந்தா இது? ஜீப்போ, மாவு மில்லோ?"

"காது குத்துக்குப் போறமுங்க சார்."

"அதினு ஊசி எந்தினா? இதின்டெ சத்தம் மதியல்லோ, காது தன்னே துளஞ்ஞோளும்! போ, போ, வேகம் போ!"

ஊசியே வேண்டாம், இந்தச் சத்தத்திலேயே காது தானாகத் துளைந்துவிடும் என்று சொல்லி, சோதனை எதுவும் இல்லாமல் விட்டார்கள். அந்தச் செக்போஸ்டில் அப்படியொரு மரியாதை துரைசாமி அண்ணனின் காருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

செக்போஸ்டைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொரு 'டங்'. உடனே ஆட்டம் நின்றுவிட்டது. வண்டி எண்ணெய் தடவியது போல் ஓடியது. அம்மா மூச்சு விட்டாள். "அப்பாடா, சரியாப் போச்சு பாரு சாமி."

"பழகிரும்னு சொன்னனல்லம்மா?" என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமையாக இருந்த நேரம் அது. அந்த நேரத்தில் என் போல்ட் இரண்டும் முறிந்து, பிடிப்பு விட்ட இஞ்சின் மேட்டு இழுவையில் ஒரு பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பிய இஞ்சின், ஆக்சிலரேட்டர் கம்பியையும் சேர்த்து இழுத்தது. நான் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஜீப் வேகம் எடுத்தது. மேடு முடிந்து இறக்கம் வந்தது. பழைய பட்டாள ஞாபகம் வந்துவிட்டது போல, எதிரியைப் பார்த்த வேகத்தில் பாய்ந்தது.

"மெதுவாப் போடா!" என்றாள் அம்மா.

"நான் ஓட்டலீங்கம்மா, அதுவாப் போகுது!"

பலம் கொண்ட மட்டும் பிரேக்கை மிதித்தேன். ஜீப் நின்றது. இஞ்சின் நிற்கவில்லை. அது முன்னால் நகர்ந்துபோய், சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை ரேடியேட்டருக்குள் செருகியது. ஒரு அலறல், ஒரு வெந்நீர் மழை, அப்புறம் அமைதி. வேட்டி சட்டை முழுக்கத் துருத் தண்ணீரும் எண்ணெயுமாக நான் வெளியே குதித்தேன். தூரத்தில் கோயில் மேளம் கேட்டது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சீரைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று தட்டில் கை வைத்தேன். "தொடாதே!" என்றார் பெரியம்மா. "வண்டியேத்துன சீர நடுவழியில எறக்கப் படாது. எறக்கற எடம் சாமி சன்னதியாத்தான் இருக்கோணும்." எங்கள் பக்கத்தில் அப்படியொரு வழக்கம் உண்டுதான். அம்மாவும் தலையாட்டினாள். (அதைச் சொல்லும்போது பெரியம்மா முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது என்று எழுதினால் என்னைப் பொல்லாதவன் என்பீர்கள். தெரிந்தது.)

எதிரே காலி மாட்டு வண்டியோடு ஒருவர் வந்தார். நான் கேட்டதும் அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, மாட்டைப் பூட்டி ஜீப்ப இழுத்தா ஊரே சிரிக்குமுங்களே?"

"சிரிக்கட்டுமுங்க. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள எங்கக்கா கொழந்தைக்கு வேற ஒருத்தரு மடியில காது குத்தீருவாங்க. பூட்டுங்க!"

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். மாடுகளை அவிழ்த்து நுகத்தடியோடு ஜீப்பின் முன்னால் கட்டினார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். ஜீப்பில் வருவேன் என்று சொன்னேன்; ஜீப்பில்தான் வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் ஹாரனை வேறு அடித்தேன். சேதமில்லாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கோயில் வாசலில் வந்திருந்த ஒரம்பரைச் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பிப் பந்தல் முழுக்கப் பரவியது. நான் அதைப் பார்க்கவில்லை. சன்னதியைப் பார்த்தேன். துரைசாமி அண்ணன் டெரிலின் சட்டையோடு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியோடு தயார். அக்காவைச் சுற்றி மாமியாரும் நாலைந்து பெரியவர்களும் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள்.

"குடுக்க மாட்டனுங்க. என்ற தம்பி வருவான்."

"நேரம் போகுது அம்முணி!"

"போகட்டுமுங்க. நேரம் நாளைக்கும் வரும். எனக்குத் தம்பி ஒருத்தன்தான்."

மாமியார் முன்னால் அவள் அதற்கு முன் நிமிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் முகமும் கறுப்பானது.

முந்திக்கொண்டது பெரியம்மாதான். தலைமுடி எட்டுத் திசையிலும் நிற்க, சேலை முழுக்க முறுக்குத் தூளோடு ஜீப்பிலிருந்து இறங்கி நேரே மகன் முன்னால் போய் நின்றார். "எந்திரி துரைசாமி. எலும்பெல்லாம் எண்ணி வெச்சாப்புல ஆடிப்போட்டு வந்திருக்கறேன். அது உனக்காக இல்ல. மாமன் வந்துட்டான், எடத்தை உடு."

துரைசாமி அண்ணன் எழுந்தார். நல்லவர்தான், மணக்கிற கைக்குட்டையை என்னிடம் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். என் கால் நடுங்கிக்கொண்டேயிருந்தது. வடகரப்பதியிலிருந்து ஏறிய ஆட்டம் இன்னும் இறங்கவில்லை. இரண்டு தொடையும் தாமாகவே குதித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க சின்னவரே, காலை ஆட்டாதீங்க" என்றார் ஆசாரி.

"நான் ஆட்டலீங்க. அதுவா ஆடுதுங்க."

இடது காதில் சரியாகக் குத்திவிட்டார். குழந்தைக்கு என் தொடை ஊஞ்சல் மாதிரி இருந்திருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தது. வலது காதுக்கு ஊசி வந்தபோது மடி ஒரு குதி குதித்தது. ஊசி நினைத்த இடத்தை விட்டு ஒரு எள் மேலே இறங்கியது. ஆசாரி என்னைப் பார்த்தார். நான் சாமியைப் பார்த்தேன். அழாமல் காது குத்திக்கொண்ட குழந்தை எங்கள் வம்சத்தில் அது ஒன்றுதான். இதையும் பந்தியில் யாரும் சொல்வதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் மாமியார் தூக்குப்போசியைத் திறந்தார். மேலே கைப்பிடி அளவு வெண்ணெய் திரண்டு மிதந்தது. கீழே சுத்தமான மோர். அந்த அம்மாள் போசிக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மத்து வாங்கற செலவு மிச்சமுங்க" என்றார். அவர் என்னோடு சிரித்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு துரைசாமி புராணம் அந்த வீட்டில் குறைந்துவிட்டது.

ஜீப்புக்கு வர்க்கீஸ் ரப்பர் வைத்துப் புது போல்ட் போட்டார். ரப்பர்தான் நடுக்கத்தைத் தின்னும், அது இல்லாவிட்டால் நடுக்கம் போல்ட்டைத் தின்றுவிடும் என்று என்னவோ சொன்னார். அவர் ரப்பர் வந்தது காது குத்து முடிந்த பிறகு. என் கொழுத் தகடு குறித்த நாளில் கோயில் வாசலுக்குக் கிட்டத்தட்டக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எது உருப்படியான வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் குழந்தை பூங்கொடி வளர்ந்தாள். ஒரு தோடு கொஞ்சம் மேலே, ஒரு தோடு கொஞ்சம் கீழே. இரண்டும் நேராகத் தெரிவதற்காகப் போட்டோவில் எப்போதும் தலையைச் சாய்த்து நிற்பாள். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு எத்தன அடக்கமாத் தலை சாச்சு நிக்குது!" என்று சம்மதம் சொன்னார்கள். (அடக்கம் இல்லை, போல்ட். நான் வாயைத் திறக்கவில்லை.)

கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கோயம்புத்தூர் போனோம். கடைக்காரர் அவள் காதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் மேல இருக்குதுங்க. தூர்த்துட்டு வேற எடத்துல குத்திக்கலாம், வலிக்காது" என்றார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "குத்திக்க கண்ணு, நல்லாருக்கும்" என்றாள். பூங்கொடி சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

பூங்கொடி கண்ணாடியில் தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்: "மறுக்காக் குத்தறதுன்னா மறுக்கா எங்க மாமன் மடியிலதாங்க உக்காரோணும். இப்ப என்ற கனத்துக்கு அவரு மடி தாங்குமுங்களா?"

"தாங்கும்" என்றேன் நான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்தபடி.

கடைக்காரர் தானாகவே ஆடிக்கொண்டிருந்த என் முட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு ஊசிப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டார்.